மஸ்கட் விமானமும் ஒன்றரை மணி நேரமும்

இன்று செகண்ட் ஷிப்டுக்கு ஏன் லேட் என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இதைக் கேன்டீன் பலகையில் ஒட்டுகிறேன்.

காலை பத்து மணிக்கு என் தம்பி மெட்ராஸிலிருந்து மஸ்கட்டுக்கு வேலைக்காக விமானம் ஏறினான். டிக்கெட்டில் இறங்கும் நேரம் பன்னிரண்டரை. இரண்டரை மணி நேரப் பயணம்தான் என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னேன்.

"எறங்கினதும் கடைக்கு போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஸ்ரீபெரும்புதூர் மளிகைக்கடையில் போனைப் பார்த்தபடி நின்றோம்.

ஒரு மணி ஆயிற்று. இரண்டும் ஆயிற்று. கடைக்காரர் செய்தி கேட்க ரேடியோவைத் திருகினார்.

"அது வேணாம் அண்ணாச்சி, நிறுத்துங்க" என்றாள் அம்மா.

மூன்று மணிக்கு போன் வந்தது. "இப்பதாம்மா வெளிய வந்தேன். இங்க மணி ஒண்ணரைதான் ஆவுது."

டிக்கெட்டில் இருந்தது மஸ்கட் நேரமாம். பயணம் நான்கு மணி நேரம்.

"நாங்க இங்க அழுதுகினு இருந்தப்ப நீ மேல சாப்டுகினு இருந்தியா?" என்று கேட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடையை விட்டு வெளியே வந்ததும் அம்மாவுக்கு அடுத்த கவலை. "அங்க கடியாரம் பின்னாடி ஓடுதுன்னா, ஒண்ணரை மணி கூட வேலை வாங்குவானுங்களா? அதுக்கு ஓ.டி. காசு உண்டாடா?"

தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். என் கணக்கை வீட்டில் இனி யாரும் நம்ப மாட்டார்கள்.