சவரி அண்ணனின் போஸ்டருக்கு நாங்கள் சிரித்தோம்

சவரி அண்ணன் இறந்துவிட்டார். இது மீம் இல்லை. தயவுசெய்து யாரும் சிரிப்பு எமோஜி போடாதீர்கள்.

விராலிமலை பைபாஸில் டயர் கடை வைத்திருந்த சவரிமுத்து அண்ணன். ஞாயிறு மதியம் நெஞ்சு வலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

ஏன் இப்படி ஆரம்பிக்கிறேன் என்று எங்கள் ஃபார்முலா ஒன் வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

புதுக்கோட்டைப் பக்கம் கார் ரேஸ் பார்க்கிற கொஞ்சம் பேர் சேர்ந்த குரூப் அது. அதில் ஒரு வழக்கம் உண்டு. எந்த டீமின் கார் பாதியில் நின்றாலும், டயர் மாற்றுவதில் சொதப்பினாலும், அந்த டீம் ரசிகருக்குக் 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் போடுவோம். போட்டோ, மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே எல்லோரும் வந்து சிரித்துவிட்டுப் போவார்கள்.

அந்தப் போஸ்டர்களைச் செய்வதே சவரி அண்ணன்தான். அதிகமாக விழுவது அவருக்கேதான் என்பதால், தன் போஸ்டரையும் தானே செய்துகொள்வார். சிவப்பு டீம் ரசிகர்... வேறென்ன சொல்ல.

நான் ஆரஞ்சு டீம். முகம் காட்டாத ஆள், டிபியில்கூட ஒரு செம்பருத்திச் செடிதான். எங்கள் கார் நின்றுபோன ஒருநாள் எனக்கும் போஸ்டர் வந்தது. போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆரஞ்சுப் பழம். அதற்கு மாலை.

"பொம்பளப் புள்ள படத்தையெல்லாம் இப்புடிப் போடக்கூடாதும்மா. பழம் போதும்" என்று வாய்ஸ் நோட் வேறு.

அவரை நேரில் பார்த்தது, வேலைக்குப் போகிற வழியில் என் ஸ்கூட்டி பஞ்சரானபோது. கடையில் தொங்கிய சிவப்புக் கொடியைப் பார்த்ததுமே யாரென்று புரிந்துவிட்டது. கேட்கத்தான் வாய் வரவில்லை. பஞ்சர் ஒட்டி முடித்து, கிளம்பும்போதுதான் சொன்னேன். "அண்ணே... நான்தான் ஆரஞ்சு."

"அடிப்பாவி! எதிரி வண்டிக்கா இம்புட்டு நேரம் காத்தடிச்சேன்? ரோஸி, இங்கிட்டு வந்து பாரு!" என்று கத்தினார். ரோஸி அண்ணி சிரித்துக்கொண்டே வந்து டீ கொடுத்தார்.

டயர் கடைக்காரர்தான். ஆனால் ரேஸில் டயரைப் பற்றி அவர் சொன்ன எதுவும் நடந்ததே இல்லை.

ஒருமுறை ரேஸ் நடுவே மழை. எல்லோரும் மழை டயருக்கு மாறிவிட்டார்கள், சிவப்பு டீம் மட்டும் மாறவில்லை. "டயர் மாத்த உள்ள கூப்பிடச் சொல்லுங்கண்ணே" என்று எழுதினேன். "சும்மா இரு. இங்க வெயில் அடிக்கிது, மழை இந்தா நின்னுரும்" என்றார். ரேஸ் நடந்தது ஐரோப்பாவில்.

இந்த ஞாயிறு மாலையும் ரேஸ் இருந்தது. அண்ணனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு விபத்தால் எல்லாக் கார்களும் மெதுவாகப் போன நேரம், டயர் மாற்ற அதைவிட நல்ல நேரம் கிடையாது. சிவப்பு டீம் காரை உள்ளே கூப்பிடாமல் முதலிடத்தைக் கோட்டைவிட்டது.

ரேஸ் முடிந்த கொஞ்ச நேரத்தில் அவர் நம்பரிலிருந்து போஸ்டர் வந்தது. அவர் போட்டோ. மாலை. குத்துவிளக்கு இருக்கிற இடத்தில் சிலுவை.

அந்தச் சிலுவையை நான் கவனித்தேன். டிசைனை மாற்றியிருக்கிறார் என்று நினைத்தேன்.

"சங்கு ஊதியாச்சா?" "கேதத்துக்கு வேன் உண்டா அண்ணே?" என்று கிண்டல்கள் மளமளவென்று வந்து விழுந்தன. நானும் எழுதினேன். "டயர் மாத்த வராத டீமுக்காக டயர் கடைக்காரர் உசுரையே விட்டுட்டாரே!"

பிறகு ஒரு வாய்ஸ் நோட். பழக்கமில்லாத குரல்.

"அவரு மச்சினன் பேசுறேங்க. எல்லாரும் எதுக்குச் சிரிக்கிறீங்க? மாமா நெசமாவே தவறிட்டாருங்க. பிளெக்ஸ் கடையில அடிச்ச படம்ங்க அது."

எல்லோரும் அழிக்க ஆரம்பித்தோம். அவர் படத்துக்குக் கீழே வரிசையாக 'செய்தி நீக்கப்பட்டது', 'செய்தி நீக்கப்பட்டது'... அது சிரிப்பைவிட அசிங்கமாக இருந்தது.

இன்று அடக்கத்துக்குப் போனேன். பஸ்ஸில் வழி முழுக்க ஒரே யோசனை. அண்ணி பார்த்திருப்பாரா, படித்திருப்பாரா... தெருமுனை வரை போய்த் திரும்பிவிடலாமா என்று நின்றேன். அம்மாவுக்குப் போன் செய்தேன். "போகாம வந்தாத்தான் தப்பு. போயி நில்லு" என்றார்.

அண்ணி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் அண்ணனின் போன். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரும் எதுக்கு அழிச்சீக?"

"அண்ணி... தெரியாம..."

"நான் எடுத்துப் பாக்குறதுக்குள்ள ஒண்ணுமே இல்ல. நீ என்ன எழுதியிருந்த?"

சுற்றி அத்தனை பெண்கள். குனிந்துகொண்டே முணுமுணுத்தேன்.

"சத்தமாச் சொல்லு. அவருக்குக் கேக்க வேணாமா?"

சொன்னேன். உசுரையே விட்டுட்டாரே என்பது வரை, முழுசாக.

"செத்த வீட்ல என்னடி பேச்சு இது!" என்று ஒரு வயதான அம்மா எழுந்தே விட்டார். அண்ணி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "விடுங்க சின்னம்மா. இவுக இப்புடித்தான் பேசிக்குவாக."

பிறகு பெட்டிப் பக்கம் திரும்பினார். "கேட்டுச்சா? என்ன சும்மா படுத்திருக்கீக... திருப்பிச் சொல்லுங்க." அப்படியே பெட்டிமேல் சாய்ந்துவிட்டார்.

அத்தனை பேர் முன்னால் நான் வாய்விட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை. சொல்லியிருக்கலாமா, கூடாதா... தெரியவில்லை.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் சவரி அண்ணே.