நல்ல தண்ணீர் கெடுத்த சிவப்பு

சீமையில் சண்டை தொடங்கிய பிறகு அங்கிருந்து சாயம் கடைகளுக்கு வருவதில்லை. இணுவிலில் நான் போட்டிருக்கும் இரண்டு தறிகளிலும் வெறும் வெள்ளைத் துணிதான் ஓடுகிறது. சாயவேரில் சிவப்பு ஏற்றவும், முடிச்சுக் கட்டி வெள்ளைப் புள்ளி விடவும் தெரிந்தவர்கள் வடமராட்சிக் கரையில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாசியில் புறப்பட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு பஸ். ஏறத்தாழ இருபது மைல். அங்கிருந்து மாட்டுவண்டிக்கு ஐம்பது சதம். ஒரு ரூபா கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

தங்கியது தூரத்து உறவினரான முருகேசர் அண்ணை வீட்டில். சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. மற்றதைக் கேளுங்கள்.

சாயம் போடும் வள்ளியின் குடிசை முருகேசருடைய புகையிலைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. வள்ளியின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், மறுநாள் சாமத்தியச் சடங்கு. அந்தச் சடங்குச் சீலையிலேயே வள்ளி எனக்கு வேலையைக் காட்டினார். கடுக்காயிலும் சீனக்காரத்திலும் ஊறிக் காய்ந்த துணியைக் கடலைப் பருமனில் கிள்ளி, வாழைநாரால் இறுக்கினார். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. நான் கட்டியவை எல்லாம் அவிழ்ந்தன. வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, தானே மறுபடி கட்டினார்.

அடுத்து வேரைக் காய்ச்சத் தண்ணீர் வேண்டும்.

"கல்லுத் தண்ணியிலைதான் சிவப்பு நிக்கும், நயினார். முந்தி உந்தத் துரவிலை அள்ளுவம். இப்ப அது வேலிக்குள்ளை போயிட்டுது."

துரவு என்றால் கட்டில்லாத சிறு கிணறு. சுண்ணாம்புக் கல்லில் ஊறும் அதன் தண்ணீர்தான் கல்லுத் தண்ணி; அந்தச் சுண்ணாம்புதான் சிவப்பைத் துணியில் பிடித்துவைக்கும். ஊருக்குப் பொதுவாகக் கிடந்ததை முருகேசர் தன் தோட்டத்தோடு சேர்த்து அடைத்திருக்கிறார். நேரே போய்க் கேட்டேன்.

"அவை என்ரை வேலிக்குள்ளை கால் வைக்கப்படாது. நான் மணற்கிணத்து நல்ல தண்ணி குடுத்துவிட்டிருக்கிறன். நாங்கள் குடிக்கிற தண்ணி!"

"சாயத்துக்கு அது சரிவராது, அண்ணை. நான் அள்ளிக்கொண்டு போறன்."

"நீர் அவளுக்குத் தண்ணி காவுறதோ? ஊர் என்ன கதைக்கும்?"

நான் திரும்பி ஓடினேன். அவருடைய ஆள் ஏற்கெனவே வள்ளியின் பானையில் ஊற்றிவிட்டுப் போயிருந்தான். துணி கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏன் ஊத்த விட்டனீர்?" என்று கத்தினேன்.

"அவர் தந்த தண்ணியை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு நான் எங்கை குடியிருக்கிறது, நயினார்?"

ஈரத்தில் சிவப்பாகத்தான் தெரிந்தது. முடிச்சுகளை அவிழ்த்து அலசியதும் சாயமெல்லாம் தண்ணீரோடு போய், துணி காய்ச்சல்காரன் உதடு மாதிரி வெளிறிக் கிடந்தது. இனி மறுபடி சாயத்தில் போட்டால் புள்ளிகளும் மறைந்துவிடும். மறுபடி கட்டவோ நேரமில்லை. வள்ளி சீலையைப் பிழிந்தார்.

இரவுச் சாப்பாட்டில் முருகேசர் சொன்னார்: "பாத்தீரோ? நல்ல தண்ணி குடுத்தும் உவளுக்குச் சாயம் போடத் தெரியேல்லை."

"அவவுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் வெக்கம் எண்டால் என்னெண்டு தெரியேல்லை" என்று சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: மாசியும் பங்குனியும் நல்ல காலம், துணி சீக்கிரம் காயும். வாழைநார் கொண்டுபோங்கள். உறவினர் வீட்டில் தங்காமல் பருத்தித்துறையில் ஒரு சத்திரம் பாருங்கள். எந்தத் தண்ணீரில் சிவப்பு ஏறும் என்று கேட்பதற்கு முன், அதை அள்ள யாரை விடுகிறார்கள் என்று கேளுங்கள்.

வள்ளியின் மகள் அந்த வெளிறிய சீலையோடுதான் சடங்கில் உட்கார்ந்தாள். துரவில் தண்ணீருக்குக் குறைவில்லை. அன்று காலையும் புகையிலைக்கு இறைத்துக்கொண்டிருந்தார்கள்.