புரட்டாசி ரத்தம்

புரட்டாசி முடியும் நாள் காலையில் இராஜசிங்கம் சமையலறை மேசைமேல் இடக்கையை நீட்டி வைத்தார். மகள் சுவர்ணா ரப்பர் பட்டையை இறுக்கி நரம்பைத் தேடினாள். ஈப்போவில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. வருடத்துக்கு ஒருமுறை அப்பாவின் ரத்தத்தை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போவாள். குழாயில் பெயர் எழுதுவது அவர் பங்கு. பீடோர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். எழுத்து இன்னும் கோடு பிசகவில்லை.

“அது ஏன்பா, வருஷா வருஷம் புரட்டாசி கடைசிலதான் கை நீட்டுறீங்க?”

“அப்பதான் நம்பர் அழகா வருது.”

ஒரு மாதம் சைவம். இரவுச் சாப்பாடு இல்லை. கெட்டிப்பால் தேநீரும் ரொட்டி சானாயும் ஐப்பசி பிறக்கக் காத்திருக்கும். அவருடைய வயிறு மட்டும் எதற்கும் காத்திராமல் அவருக்கு முன்னால் நடந்துபோகும்.

“தோட்டத்துல ரப்பர் பால்ல தண்ணி கலந்து கொண்டாந்தவங்கள எல்லாம் பிடிச்சீங்க. இப்ப நீங்க செய்றது என்னவாம்?”

“நான் எதையும் கலக்கல பிள்ளை. கொழுப்ப எடுத்துட்டுத் தாரேன்.”

“தீபாவளி முடிஞ்சு இன்னொரு தடவ கொடுங்க. வழக்கம்போல சாப்பிட்டு.”

“சரி லா. ரெண்டாவது செவ்வாய் நானே லேபுக்கு வாரேன்.”

ஏழு வருடங்களுக்கு முன், பித்தப்பைக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் கொழுப்பு என்று தெரிந்தது. மறுபடி கிளினிக் பக்கம் அவர் போகவில்லை. சம்சுச் சாராயம் குடித்துவிட்டு வேலைக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய மனிதர். தாம் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஈரலில் கோளாறு என்றால் ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் இந்தச் சமையலறை மேசை.

முடிவு வந்தது. ஈரல் நொதிகளான ஏஎல்டி 25, ஏஎஸ்டி 38, தட்டணுக்கள் 151. எல்லாம் எல்லைக்குள். ஓர் எண்ணுக்குப் பக்கத்திலும் நட்சத்திரக் குறி இல்லை. படம் எடுத்து அனுப்பினாள். அவர் கட்டைவிரலை அனுப்பினார்.

அந்த இரண்டாவது செவ்வாய்க்கு முந்தின நாள், குளியலறையில் அவர் ரத்தம் ரத்தமாக வாந்தியெடுத்தார். ஆஸ்பத்திரியில் தாதி கேட்டாள்: “ஐயா தண்ணி போடுவாரா?” அவரே இல்லை என்றார். டாக்டர் கேட்டார், இல்லை என்றார். மூன்றாவதாக ஒருவர் கேட்டபோது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். புதன்கிழமை போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள், சுவர்ணா அந்தப் பரிசோதனைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். அப்பாவின் வயது அறுபத்தெட்டை ஏஎஸ்டியால் பெருக்கி, தட்டணுக்களாலும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். 3.4 வந்தது. 2.67ஐத் தாண்டினால் ஈரல் தழும்பேறிப் போயிருக்கலாம், உடனே நிபுணரிடம் அனுப்ப வேண்டும். மூன்று வருடம் முந்தைய தாளுக்கும் போட்டுப் பார்த்தாள். 2.8. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். அப்பாவின் எண்களை ஒவ்வொன்றாகத்தான் பார்த்திருக்கிறாள். நான்கையும் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை.

திரும்பவும் போட்டாள். அதேதான் வந்தது.

சமையலறைக் காலண்டரில் அந்தச் செவ்வாய்க்கிழமைக் கட்டத்துக்குள், கோடு பிசகாத எழுத்தில் இருந்தது: ‘சுவர்ணா லேப். காலை 8. சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.’