கொட்டாம்பட்டிக்கு ஒரே நாளில் இரண்டு தடவை

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து கொட்டாம்பட்டி நாற்பத்தைந்து கிலோமீட்டர். திருச்சி ரோட்டில் மேலூர் தாண்டி வரும் ஊர். யாரும் சுற்றிப் பார்க்கப் போகிற இடம் கிடையாது. பஸ் பைத்தியங்களுக்காக நடத்துகிற இந்தப் பக்கத்தில்கூட அந்த ஊரைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதில்லை. இந்த வியாழக்கிழமை ஒரே நாளில் இரண்டு தடவை போய் வந்தேன். காரணம் நஸ்ரீன்.

நஸ்ரீனை இங்கே பழைய வாசகர்களுக்குத் தெரியும். எந்தப் பதிவு போட்டாலும் முதல் கமெண்ட் அவளுடையதாக இருக்கும், "இந்த வண்டி என்ன சேசிஸ்?" என்று. மைசூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்க்காரி. நானூறு பையன்கள் இருக்கிற பஸ் ரசிகர் குழுவில் நாங்கள் இரண்டு பேர்தான் பெண்கள். வீட்டில் உருது, பள்ளிக்கூடத்தில் கன்னடம். தமிழை அவளாகவே கற்றுக்கொண்டாள். எப்படி என்றால், நான் போடுகிற பஸ் படங்களில் இருக்கிற எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்து. அதனால் அவள் பேசினால் பஸ்ஸுக்குள் எழுதி ஒட்டியது மாதிரியே இருக்கும். போனில் முதல் தடவை பேசியபோது, "தயவுசெய்து மெதுவாகப் பேசவும்" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் எங்கள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் பி.எஸ்ஸி. இயற்பியல் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அரசுக் கல்லூரி. தலைமுக்காடு போட்டு வகுப்புக்கு வரக் கூடாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். எங்கள் குழுவிலும் அந்தச் சண்டை வந்தது. பஸ் படம் போடுகிற இடத்தில் இரண்டு நாளைக்கு ஒரு பஸ்ஸும் வரவில்லை. எங்கள் அண்ணன் திருமங்கலம் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். சாதிக் கலரில் கையில் கயிறு கட்டி வருகிற பையன்களோடு தினமும் மல்லுக்கட்டுகிற மனுசன். "கைக் கயிறை அத்துப் போடுறோம்ல, தலைத்துணிக்கு மட்டும் தனி நியாயமா?" என்று அவன் சாப்பிடும்போது கேட்டது எனக்குச் சரி என்று பட்டது. அதே வேகத்தில் நஸ்ரீனுக்குத் தனியாக ஒரு மெசேஜ் போட்டேன். "மூணு மணி நேரம்தானே, கழட்டி பைக்குள்ள வெச்சுட்டுப் போயேன். படிப்பு முக்கியம்டி."

இரண்டு நீல டிக் விழுந்தது. நாலு மாதம் பதில் இல்லை.

அப்புறம் ஒரு நாள் எதுவுமே நடக்காதது மாதிரி ஒரு சிவப்பு பஸ் படம் அனுப்பினாள். அவள் படிப்பை விட்டிருந்தாள். அந்த மெசேஜைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க ஆயிரம் தடவை டைப் அடித்து அழித்திருக்கிறேன்.

போன மாதம் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு அரசுக் கல்லூரியில் (பெயர் வேண்டாம்) இயற்பியலில் சில இடம் காலி, வெளிமாநிலத்துப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம், வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்குள் நேரில் கொடுக்க வேண்டும் என்று ஒரு அறிவிப்பு கண்ணில் பட்டது. நஸ்ரீனுக்கு அனுப்பினேன். மதுரை காஜிமார் தெருவில் அவளுடைய அத்தை வீடு இருக்கிறது, தங்கப் பிரச்சினை இல்லை. அவள் அப்பாவும் சரி என்றார். ஆனால் இந்த வருடம் இது நடக்காவிட்டால் கல்யாணப் பேச்சை எடுப்போம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

மைசூர் ரயில் இருபத்தைந்து நிமிடம் தாமதமாகக் காலை எட்டு ஐந்துக்கு மதுரைக்குள் வந்தது. ஆறு வருடம் பேசியவளை முதல் தடவை நேரில் பார்க்கிறேன். என்னைவிட உயரம். பச்சைச் சுடிதார், வெள்ளை முக்காடு, கையில் சான்றிதழ் ஃபைல். கட்டிப் பிடித்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து எங்கே?" ஸ்டேஷன் எதிரில் ஆளுக்கு இரண்டு இட்லி, ஒரு பொங்கல் (இரண்டு பேருக்கும் சேர்த்து 130 ரூபாய்), பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து முன்பக்கம் ரோஸ் கலர் அடித்த டவுன் பஸ். கண்டக்டர் கொடுத்த இலவசச் சீட்டை மடிக்காமல் ஃபைலுக்குள் மார்க் ஷீட் பக்கத்தில் வைத்தாள்.

மாட்டுத்தாவணியில் ஒன்பது நாற்பது. இங்கே ஒரு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: திருச்சி என்று போர்டு பார்த்து ஏறிவிடாதீர்கள். பாதி வண்டி பைபாஸில் பறந்துவிடும், கொட்டாம்பட்டியில் நிற்காது. கேட்டு ஏறுங்கள். எங்களுக்குப் பத்து பத்துக்கு வண்டி கிடைத்தது. 35 ரூபாய். வண்டி உள்ளே திரும்பும்போதே கூட்டம் மொய்த்ததால், நான் ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து இரண்டு சீட் பிடித்தேன். நஸ்ரீன் அசந்துவிட்டாள்.

"துணி போட்டால் இடம் உறுதியா?"

"உறுதிதான். யாராச்சும் கேட்டா ஆள் வருதுன்னு சொல்லணும். அம்புட்டுதான்."

உட்கார்ந்த பிறகு சொன்னாள். "உங்கள் ஊரில் துணி போட்டால் இடம் கிடைக்கும். எங்கள் ஊரில் துணி போட்டதால் இடம் போய்விட்டது." ஜோக்காகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். மன்னிப்புக் கேட்க அதுதான் சமயம் என்று தெரிந்தது. ஒத்தக்கடை வந்துவிட்டது, "அங்க பாரு, யானைமலை" என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

மலை இடது பக்கம் வரும். படுத்திருக்கிற யானையேதான். மேலூர் வரை இரண்டு பக்கமும் வயல், அப்புறம் தென்னை, கடலைக் காடு, நடுநடுவே கல்குவாரிக் குழி. பதினொன்று இருபதுக்கு இறங்கினோம். கல்லூரி அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் ஆளுக்குப் பதினைந்து ரூபாய்.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் ஃபைலைப் பார்த்தால் மார்க் ஷீட் ஜெராக்ஸ் ஒரு காப்பிதான் இருக்கிறது. நான் எதிர்க் கடைக்கு ஓடினேன். அவள் கல்லூரி கேட் பக்கம் நடந்தாள். கடையில் மிஷின் சூடாகப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. நான் திரும்புவதற்குள் அவளே ரோட்டுக்கு வந்திருந்தாள்.

"இன்று சேர்க்கை இல்லை. ரத்து. திரும்பிச் செல்லலாம்."

யார் சொன்னது என்று கேட்டேன். உள்ளே சொன்னார்கள் என்றாள். நான் போய்க் கேட்கிறேன் என்றதற்கு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது. எனக்குக் கோபம், அறிவிப்பு போட்டவர்கள் மேல். அதே ஆட்டோ, அதே பஸ் ஸ்டாப், பன்னிரண்டு இருபது மதுரை வண்டி. பின்னால் ஒரு புது வண்டி ஓவர்டேக் செய்துகொண்டு போனது. நஸ்ரீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பஸ்ஸைப் பார்க்காத நஸ்ரீனை எனக்குத் தெரியாது.

"பொய்தானடி சொன்ன?" என்றேன்.

மேலூர் நெருங்கும்வரை ஃபைலைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கேட்டில் பெரிய போர்டு இருந்ததாம். எழுத்துக் கூட்டிப் படித்தாளாம். "போட்டு வரக் கூடாது என்று இருக்கிறது. உனக்குச் சொன்னால், மூன்று மணி நேரம்தானே என்பாய். உன் வாயால் அதை இரண்டாம் முறை கேட்க விருப்பமில்லை."

அவளே மேலே சொன்னாள். நான் மெசேஜ் போட்டதற்கு மறுநாள் அவள் நிஜமாகவே கழற்றி வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனாளாம். பதினோரு நாள். முக்காட்டு ஓரம் சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற பழக்கத்தில் கை தானாக மேலே போகுமாம். மேடம் பாடத்தை நிறுத்தி, டவுட்டா என்று கேட்பார்களாம். வகுப்பே திரும்பிப் பார்க்குமாம். ஒவ்வொரு நாளும் நாலைந்து தடவை. பன்னிரண்டாம் நாள் போகவில்லை.

அண்ணன் சொன்ன கயிறு நியாயத்தையும் நான் அன்றைக்கு அந்த மெசேஜோடு அனுப்பியிருந்தேன். அதற்கும் இப்போதுதான் பதில் வந்தது. "அந்தப் பையன்கள் கயிறு கட்டுவது பக்கத்தில் இருப்பவனைத் தள்ளி நிற்க வைக்க. நான் யாரைத் தள்ளி நிற்கச் சொன்னேன், பிரியா?"

"சொல்லல" என்றேன். "நான்தான் உன்னைத் தள்ளி நிக்க வெச்சுட்டேன். மன்னிச்சுக்கடி." இரண்டு வருடம் டைப் அடித்து அழித்தது, மேலூர் பாலத்தில் லாரி ஹாரனுக்கு நடுவே இவ்வளவு சின்னதாக வந்தது. அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, என்னமோ தோன்றி, போர்டில் சரியாக என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன்.

"வளாகத்துக்குள் தலைக்கவசம் அணிந்து வரக் கூடாது."

"தலைக்கவசமா?"

"ஆம். கொரோனா காலத்தில் உன் பஸ் படங்களில் எல்லாம் முகக்கவசம் அணியவும் என்று இருந்தது. முகக்கவசம் என்றால் முகத்துக்குத் துணி. தலைக்கவசம் என்றால் தலைக்குத் துணி."

யோசித்துப் பாருங்கள், அவள் கணக்கில் எங்கேயாவது தப்பு இருக்கிறதா? நம் பாஷைதான் அந்த இடத்தில் காலை வாரிவிட்டது.

"அடியே, தலைக்கவசம்னா ஹெல்மெட்டுடி!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மணி பன்னிரண்டு ஐம்பது. நான் எழுந்து நின்று விசில் அடிக்கச் சொன்னேன். கண்டக்டர் முறைத்தார். "ஏத்தா, மதுரைக்குத்தான டிக்கெட் எடுத்த?" என்றார். ஹெல்மெட்டுண்ணே, ஹெல்மெட்டு என்று நான் சொன்னது அவருக்கு என்ன விளங்கியதோ, "எங்க வெச்ச, சீட்டுக்கு அடியில பாரு" என்று குனிந்து தேடினார். மேலூரில் குதித்தோம். நஸ்ரீன் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க நேரமில்லை. ஒன்று ஐந்துக்குத் திருச்சி வண்டி, பைபாஸ் போகாதது, கடவுள் அனுப்பியது. ஒன்று முப்பத்திரண்டுக்குக் கொட்டாம்பட்டி. ஷேர் ஆட்டோவுக்கு ஆள் சேரக் காத்திருக்க முடியாமல் முழு ஆட்டோ 80 ரூபாய். ஒன்று நாற்பத்து நாலுக்கு கேட்.

வாட்ச்மேனிடம் நான்தான் போர்டைக் காட்டிக் கேட்டேன். அவர் நஸ்ரீனைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். "நீதான் காலைல வந்து நின்னு படிச்சிட்டுப் போன பிள்ளையா? நான் கூப்பிடக் கூப்பிடப் போயிட்ட. எவனாச்சும் ஹெல்மெட்டோட மூஞ்சி தெரியாம பூந்துர்றான்னு போட்டது அது. முக்காட்டுப் பிள்ளைக உள்ள படிக்குதுகத்தா. ஆனா ரெண்டு மணி ஆச்சுன்னா யாரா இருந்தாலும் விட மாட்டேன், ஓடு."

ஓடினோம்.

இயற்பியல் துறை வராந்தாவில் ஒரு மேடம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். ஃபைலை வாங்கினார், புரட்டினார், இரண்டு வருட இடைவெளி ஏன் என்று மட்டும் கேட்டார். நஸ்ரீன் வகுப்புக்குப் போக முடியவில்லை என்றாள். மேடம் அவளை ஒரு நொடி பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். வெளிமாநிலத்து விண்ணப்பம் கடைசியில்தான் பார்ப்போம், உறுதி சொல்ல முடியாது, திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டுவோம் என்றார். அவ்வளவுதான், கிளம்ப வேண்டியதுதான். ஓடி வந்ததில் முக்காடு நழுவியிருந்தது. ஓரத்தைச் சரிசெய்ய நஸ்ரீனின் கை மேலே போனது.

மேடம் நிமிர்ந்து, "என்னம்மா, டவுட்டா?" என்றார்.

நஸ்ரீனின் கை காதுப் பக்கத்தில் அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையை அவள் இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினாள்.

"ஆமாம் மேடம். இடம் கிடைத்தால், வகுப்பு எந்தத் தேதியில் தொடங்கும்?"

மேடம் தேதி சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். வெளியே வரும் வழியில் ஒரு வகுப்பறை திறந்து கிடந்தது. இரண்டாவது பெஞ்சில் போய் உட்கார்ந்து, கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட பாதிச் சமன்பாட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட மனசு வரவில்லை. மூன்றரை வண்டியை விட்டுவிட்டு நாலேகால் வண்டியில்தான் திரும்பினோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில் ஏற்றிவிட்டேன். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கயிறு பற்றிய தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று நீ வந்து நின்று பார் என்கிறான். ஆனால் அந்தப் பதினோரு நாள் கதையைக் கேட்டபோது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. இந்த விவாதத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் பேசலாம். நானும் பேசியவள்தான். அன்றைக்கு நான் கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்று, அவளுக்கு எப்படி இருக்கிறது என்பதை.

போகிறவர்களுக்கு: மாட்டுத்தாவணியிலிருந்து கொட்டாம்பட்டி ஒரு மணி பத்து நிமிடம், பைபாஸ் வண்டி வேண்டாம், இடது பக்க ஜன்னல், தண்ணீர் கொண்டு போங்கள். ஜெராக்ஸை மதுரையிலேயே எடுத்துவிடுங்கள். வெளியூர்க்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தால், தலைக்கவசத்தையும் முகக்கவசத்தையும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

இன்று ஞாயிறு. பட்டியலை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். கப்பலூரில் என் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன். நாளைக்குக் காலை எட்டு நாற்பது வண்டி. கைக்குட்டையை எறிந்து இரண்டு சீட் பிடிப்பேன். ஒன்றில் நான். பக்கத்து சீட்டை யாராவது கேட்டால், ஆள் வருது என்று சொல்லப் போகிறேன்.