ஏழு சீட்டுக் காரும் ஒரு சினை மாடும்

போன ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்கப் போனோம். நானும் என் மனைவி செல்வியும்.

முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. செல்விதான் ஓட்டுவாள். அவள் கால்நடை மருத்துவர். திண்டுக்கல்லிலிருந்து ஆத்தூர் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் பழைய காரில் போய் ஆடு, மாடு பார்த்துவிட்டு வருகிறவள். வாங்கப்போவது அவள் ஓட்ட, அவள் சம்பளத்தில். ஆனால், எதை வாங்கலாம் என்று ஒரு மாதமாக ஊரெல்லாம் ஆலோசனை கேட்டுக்கொண்டு திரிந்தது யார்? நான்தான்!

ஹைப்ரிட் எஸ்யூவி என்பது வரை முடிவாகியிருந்தது. பெட்ரோல் பாதி, பேட்டரி பாதி. மிச்சம் இருந்த கேள்வி — பெரியதா, சின்னதா? பெரியதில் ஏழு சீட்டு. சின்னதில் ஐந்து. வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். நான் பெரியதைச் சொன்னேன். கல்யாண மண்டப வாசலில் அதன் கதவைத் திறந்துகொண்டு இறங்குவதை மனதுக்குள் நாலைந்து முறை ஒத்திகையே பார்த்துவிட்டேன்.

பைபாஸ் ஷோரூமில் எங்களைக் கவனித்துக்கொண்டவர் சேல்ஸ் மேனேஜர். டை, பளபள ஷூ, நாற்பது வயதிருக்கும். நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தவர் அரை மணி நேரம் திரும்பவே இல்லை. மைலேஜ் எனக்கு. இன்ஜின் டார்க் எனக்கு. செல்வியிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "மேடம், மேக்கப் மிரர்ல லைட்டு இருக்கு."

நானும் பெரிதாகத் தலையாட்டினேன். டார்க் என்றால் என்னவென்று இதை எழுதும்போதுகூட எனக்குத் தெரியாது.

"சின்ன வண்டி எப்படி?" என்று கேட்டது செல்வி. பதில் வந்தது எனக்கு.

"அது லேடீஸ் வண்டி மாதிரி சார். உங்க பெர்சனாலிட்டிக்குப் பெருசுதான் செட் ஆகும்."

எனக்குப் பெர்சனாலிட்டி இருப்பதாக ஒருவர் சொல்லி எத்தனை வருடமாயிற்று! அங்கேயே விழுந்துவிட்டேன். அடுத்து சன்ரூஃபைத் திறந்து காட்டினார். திண்டுக்கல் வெயிலுக்குக் கூரையில் ஒரு ஜன்னல்! அதற்கும் "சூப்பர்" என்றேன்.

எங்கள் பழைய காரை எக்ஸ்சேஞ்சுக்கு மதிப்புப் போட ஒருவர் ஓட்டிக்கொண்டு போயிருந்தார். அதிலிருந்த மருந்துப் பெட்டியையும் ரப்பர் பூட்ஸையும் செல்வி கையோடு எடுத்து வந்து பக்கத்தில் வைத்திருந்தாள். பூட்ஸிலிருந்து வந்த வாசனைக்கு மேனேஜர் அவ்வப்போது மூக்கைச் சுருக்கிக்கொண்டார்.

டெஸ்ட் டிரைவுக்குப் பெரிய காரை வாசலுக்குக் கொண்டுவந்து, சாவியை என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கி செல்வியிடம் கொடுத்தேன். அவர் முகம் போன போக்கை விவரிக்க மாட்டேன்... பாவம்.

அவள் ஸ்டியரிங் பிடித்த நேரம் போன் அடித்தது. ஆத்தூர் பக்கம் பூந்தோட்டம் வைத்திருக்கும் பஞ்சவர்ணம். பதற்றத்தில் அந்தம்மா போட்ட சத்தம் எங்களுக்கும் கேட்டது.

"டாக்டரம்மா, விடியக்காலைலருந்து மாடு முக்கிக்கிட்டே கெடக்கு. காலு ரெண்டும் தெரியுது, தலையக் காணோம். செத்த வாங்களேன்!"

"இழுத்துராதீங்க. யாரையும் தொட விடாதீங்க. இந்தா வாரேன்."

பழைய கார் இன்னும் திரும்பவில்லை. செல்வி இறங்கிப் போய்ப் பெட்டியையும் பூட்ஸையும் தூக்கி வந்து பின்னால் போட்டாள்.

"மேடம், டெஸ்ட் டிரைவ் ரூட்டு அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும்தான்..."

"ஆத்தூர் ரோடு எப்படி இருக்குன்னும் பார்த்துருவோம் சார். ஏறுங்க."

ஏறினார். வேறு என்ன செய்வார்? கார் கிளம்பிவிட்டதே! செம்பட்டி வழியாகப் பறந்தோம். வண்டி அருமையான வண்டிதான். குலுங்கவில்லை, இரைச்சல் இல்லை. மேனேஜர் மட்டும் பின் சீட்டில் ஏதோ சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

ஊருக்குள் நுழைந்ததும் வந்தது வினை. தோட்டத்துக்குப் போகும் சந்தின் இரண்டு பக்கமும் கல் சுவர். "மேடம், மிரரு... மிரரு!" என்று அவர் அலறினார். கண்ணாடிகளை மடக்கியும் பார்த்தாள். ம்ஹும்... ஏழு சீட்டு கம்பீரம் அங்கேயே நின்றுவிட்டது. அதே சந்திலிருந்து ஓர் ஆட்டோ வெளியே வந்து, எங்களை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனது.

செல்வி பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் ஓடினார். நானும் ஓடினேன். என் கையில் இருந்தது கார் பிரவுச்சர்.

கொட்டகையில் மாடு படுத்துக் கிடந்தது. கண்ணில் உயிரே இல்லை. பஞ்சவர்ணம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்து, "கம்பவுண்டருங்களா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினோம்.

செல்வி தோள் வரை கையை உள்ளே விட்டாள். "தலை பின்னாடி மடங்கிக் கெடக்கு" என்றாள். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை ஏது? கால் மணி நேரம் போராடித் தலையை நேராக்கினாள். கன்றின் காலில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மேனேஜரிடம் கொடுத்தாள்.

"அது முக்கும்போது மட்டும் இழுங்க. நான் சொன்னா நிறுத்தணும்."

டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு மனிதர் இழுத்தார். சாணியில் ஷூ புதைய இழுத்தார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது கன்று... அசையவில்லை. மூச்சும் இல்லை.

பஞ்சவர்ணம் வாயைப் பொத்திக்கொண்டார். செல்வி அதன் மூக்கையும் வாயையும் வழித்துவிட்டு, விலாவைத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். ஒரு வைக்கோலை எடுத்து மூக்குக்குள் விட்டு ஆட்டினாள். ஒரு தும்மல்! தலையை உதறியது கன்று. மேனேஜர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பிறகு காபி வந்தது. "என்ன வண்டில வந்தீக?" என்று கேட்டார் பஞ்சவர்ணம். மேனேஜருக்குத் தொழில் நினைவு வந்துவிட்டது. "ஹைப்ரிட்டும்மா. பெட்ரோல், பேட்டரி ரெண்டும் கலந்தது."

"ஓ... எம் மாடு மாதிரியா? இதுவும் கலப்புதேன். பாலு நெறைய. ஆனா இம்புட்டு வெயில் தாங்காது அப்பு. ஒங்க வண்டி தாங்குமா?"

மைலேஜை மனப்பாடமாக ஒப்பிக்கும் மனிதர் காபியை ஊதிக் குடிக்க ஆரம்பித்தார்.

ஷோரூமுக்குத் திரும்பியதும் அவர் முதல் வேலையாக நாற்காலியைச் செல்வி பக்கம் திருப்பிப் போட்டார். "மேடம், நீங்க சொல்லுங்க. எது?"

அவள் சின்னக் காரின் டிக்கியைத் திறந்து, பெட்டியை வைத்துப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. "இது" என்றாள்.

"பெரிசுதான் நல்லா ஓடுச்சே செல்வி?" என்றேன். விடுவேனா?

"ஓடுச்சுங்க. சந்து வரைக்கும். அப்புறம் நாமதானே ஓடினோம்? இன்னும் அஞ்சு நிமிஷம் பிந்தியிருந்தா அந்தக் கன்னு என்ன ஆயிருக்கும்?"

நம் ஊரில் கார் வாங்குகிறவர்கள் இரண்டு சாதி. போய்ச் சேருவதற்காக வாங்குகிறவர்கள் ஒன்று. இறங்கும்போது நாலு பேர் பார்ப்பதற்காக வாங்குகிறவர்கள் இன்னொன்று. இரண்டாவது சாதிக்காரர்களுக்கு ஏழு சீட்டு போதாது — பார்க்க வருகிறவர்கள் உட்கார ஒரு கேலரியும் சேர்த்துக் கட்டித் தந்தால் நல்லது.

சின்னதையே புக் செய்துவிட்டோம். டெலிவரிக்கு இன்னும் சில மாதம் பொறுக்க வேண்டுமாம். அதுவரை பழைய கார்தான் தாக்குப்பிடிக்க வேண்டும். சரி, நாங்கள் பொறுப்போம்... மாடுகளிடம் யார் சொல்வது?