நான் ஊற்றாத சிவகங்கைத் தண்ணீர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள், இப்போது மறதி வேறு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கடலூர் முதுநகரில் எங்கள் பக்கத்து வீட்டுத் தனம் அக்காவுக்கு இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பயத்தில், மாட்டவே மாட்டேன் என்று பிடிவாதம். கடைசியில், சிதம்பரம் கோயில் சிவகங்கைக் குளத்துத் தண்ணீர் தலையில் பட்டால் சம்மதம் என்றார். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை, என்னைக் கூப்பிட்டார்.

"நான் மாதா கோயிலுக்குப் போறவ, அங்க வரலாமாக்கா?"

"கொளம் வந்து ஒன்ன கேக்கப் போவுதா? வாடி."

உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தோம். செருப்பை வெளியே விட்டு, சர்ச்சுக்குள் நுழைகிற மாதிரியே மரியாதைக்கு முக்காடு போட்டுக்கொண்டேன்.

"ஏண்டி மேரி, மழையா பேயுது?" என்று அந்தப் பயத்திலும் சிரித்தார்.

முழங்கால் வலியால் அக்கா மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார், நான்தான் அள்ளி வந்து ஊற்ற வேண்டும். வழுக்குமோ என்று பார்த்துப் பார்த்து இறங்கித் தண்ணீரில் விரலை வைத்தேன், சர்ச் வாசலில் தீர்த்தம் தொட்ட பழக்கம், கை தானாக நெற்றியில் சிலுவை போட்டுவிட்டது. திக்கென்றது. மன்னிச்சுக்கோ என்று இரண்டு சாமிக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு இரு கையாலும் அள்ளிக்கொண்டு ஏறினேன். பாதிப் படி ஏறுவதற்குள் எல்லாம் ஒழுகிப்போனது. நிமிர்ந்து பார்க்கிறேன், அக்கா தலை நனைந்து தோளில் சொட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"யாருக்கா ஊத்துனது?"

"நல்லா கேட்ட போ. இப்பதான ஊத்திட்டு எறங்குன? எம்மேலயும் சிலுவ போட்டியே!" கிட்டே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "பயப்படாத, ஒனக்குப் பதிலா நான் போறேன்னு அவ்ளோ பெரிய வார்த்த சொல்லிட்டியேடி."

இல்லை என்று சொன்னால் ஆபரேஷனுக்கு வரமாட்டாரே என்று மறுக்காமல், முக்காட்டு நுனியால் அவர் தோளைத் துடைத்துவிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது மார்க்கெட் வரைக்கும் தனியாக நடக்கிறார், என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடுகிறார். சர்ச் பூசையில் முட்டி போட்டாலும் மனம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. லேசாக மார் அடைத்தால்கூட, சொன்ன வார்த்தைக்குக் கூப்பிடுகிறார்களோ என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். நான் சொல்லவேயில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அன்றைக்கு எதிர்க்கரையில் வெளியூர்க் குடும்பம் ஒன்று எங்கள் பக்கமாகச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. பிரதோஷத்துக்கு முந்தின நாள் என்று நினைக்கிறேன், அதையும் யாராவது சரிபாருங்கள். அந்தப் படம் உங்களிடம் இருந்தால், ஊதாச் சேலையில் இருப்பது நான். எத்தனை இடத்தில் நிற்கிறேன் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.