'லி' ஒட்டாத சொற்கள்

அத்-பாஷி என்ற மலையூரின் பள்ளிக்கூடத்தில் சயிரா பதினாறு ஆண்டுகள் ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுத்தாள். சோவியத் நாடு உடைந்ததும் ஜெர்மன் யாருக்கும் வேண்டாத சரக்காகிப் போனது. நரின் நகரத்துக்கு அழைத்து, நாற்பது நாள் பயிற்சி கொடுத்து, ஒரு பாடப்புத்தகத்தையும் கையில் திணித்து, "இனிமே நீங்க இங்கிலீஷ் டீச்சர்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த நாற்பது நாளில் அவளுக்கு மனதாரப் பிடித்துப்போனது வினையடை விதிதான். ஜெர்மனில் 'நல்ல' என்பதற்கும் 'நன்றாக' என்பதற்கும் ஒரே சொல். எந்த அடையாளமும் இல்லாமல் மொட்டையாக நிற்கும். ஆங்கிலம் அப்படியில்லை. நாம் 'வேகம்' என்பதை 'வேகமாக' என்று ஆக்குவதுபோல, வாலில் ஒரு 'லி'யை ஒட்டினால் முடிந்தது. குவிக், குவிக்லி. ஸ்லோ, ஸ்லோலி.

"எப்படிங்கிற கேள்விக்குப் பதில் சொல்ற வார்த்தையா? கண்ணை மூடிக்கிட்டு லி போடுங்க" என்பாள். 'குட்' மட்டும் 'வெல்' ஆகும் என்று புத்தகத்தில் ஒரு விலக்கு இருந்தது. அது ஒன்றுதான் விலக்கு என்று நம்பி நான்கு ஆண்டுகள் ஓட்டிவிட்டாள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு வசந்தத்தில் பள்ளிக்கூடச் சமையல்கட்டை மூடினார்கள். பதினோரு ஆண்டுகள் அங்கே அடுப்போடு மல்லுக்கட்டிய கலிபாவுக்கு வேலை போயிற்று. அதே சமயம் மலைப்பாதையை அளக்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் முகாம் போட்டு, சமையலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். பழைய இடத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டுமாம். சயிரா சந்தோஷமாக எழுதிக்கொடுத்தாள். கலிபா கடினமாக உழைப்பவள், எல்லோருக்கும் முன்னால் வந்து, நேரம் கழித்தே வீட்டுக்குப் போகிறவள் என்பது அவள் எழுத நினைத்தது. 'ஹார்டு'க்கும் 'லேட்டு'க்கும் மறக்காமல் வால் ஒட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கால்நடைச் சந்தையில் கலிபா அவளை வழிமறித்தாள்.

"நில்லுடி சயிரா. உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? உன் தட்டுல கொழுப்புள்ள கறியா பாத்துப் பாத்துப் போட்டேனே, அதுக்கா?"

"என்ன எஜே, என்ன ஆச்சு?" கலிபா ஐந்து வயது மூத்தவள், அங்கே அக்காளையும் டீச்சரையும் அப்படித்தான் அழைப்பது.

"நான் வேலையே செய்யறதில்லைன்னு எழுதியிருக்கியாமே! மொழிபெயர்க்கிற பொண்ணு சொல்லிச்சு. அந்தக் காகிதத்தை ஆளாளுக்கு வாங்கிப் படிச்சுட்டு சிரிக்கிறானுங்கடி!"

பக்கத்தில் ஆடு விற்றுக்கொண்டிருந்தவர் விடவில்லை. "டீச்சரம்மா, என் கெழட்டு ஆட்டுக்கும் ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. நீங்க கெழம்னு எழுதினா குட்டின்னு படிப்பாங்க போல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சயிரா எதுவும் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பி, அகராதியைப் பிரித்தாள். தெரிந்த சொல்லை யார் அகராதியில் தேடுவார்கள்? 'ஹார்ட்லி' என்றால் 'ஏறக்குறைய இல்லவே இல்லை' என்று இருந்தது. 'லேட்லி' என்றால் 'சமீபகாலமாக'. 'ஃபாஸ்ட்லி' என்று ஒரு சொல்லே இல்லை. போன தேர்வில் மீரிம் என்ற பெண் 'ரன் ஃபாஸ்ட்' என்று சரியாக எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அதற்கு 'லி' போட்டுத் திருத்தியது இந்தக் கைதான்.

"விடேன். இந்த ஊர்ல அதையெல்லாம் யாரு பாக்கப்போறா?" என்றான் அவள் கணவன் துராத், தேநீரை ஊதிக்கொண்டே.

"பாக்கறவங்க கிட்டதானே போய் மாட்டியிருக்கு. நாளைக்கு லாரியை எடு. முகாமுக்குப் போகணும்."

இரண்டு மணி நேரப் பயணம். கூடவே ஏறிக்கொண்ட கலிபா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். முகாம் தலைவர் கோலின், செம்பட்டைத் தாடிக்காரர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிற ஒருவர் முன்னால் சயிரா நிற்பது அதுதான் முதல் தடவை. வழி நெடுக மனதுக்குள் கோத்து வைத்த வாக்கியங்கள் எல்லாம் உதிர்ந்துபோயின. மொழிபெயர்ப்புப் பெண் வாய் திறப்பதற்குள் கையை உயர்த்தித் தடுத்துவிட்டு, தானே பேசினாள். இவள் ஹார்டாக உழைப்பவள். கடிதத் தப்பு என்னுடையது. எனக்கு ஆங்கிலம் ஹார்ட்லி தெரியும்.

கோலின் சிரித்தார். ஆனால் இது வேறு சிரிப்பு. "இப்ப அந்த வார்த்தையைச் சரியா போட்டீங்க" என்றார். "எங்க ஊர்க்காரங்களே போடவேண்டிய இடத்துல லியை விட்டுடுவாங்க. எங்கம்மா கார்ல ஏறினதுமே 'டிரைவ் ஸ்லோ'ன்னுதான் கத்துவாங்க, ஸ்லோலின்னு சொல்லிக் கேட்டதே இல்ல."

ஆனால் சமையலுக்கு நரினிலிருந்து ஏற்கெனவே ஒருத்தி வந்துவிட்டாள். ரொட்டி சுடத்தான் ஆள் வேண்டும் என்றார்கள். கலிபா ஒப்புக்கொண்டாள். திரும்பும் வழியில்தான் வாயைத் திறந்தாள். "ஒரு எழுத்தால என்னை ரொட்டிக்காரியா ஆக்கிட்ட. உன்மேல கோவம் போகலடி. ஆனா அந்த வெள்ளைக்காரன் முன்னாடி நீயே திக்கித் திக்கிப் பேசினதைப் பாத்தேன். பாவமா இருந்துச்சு."

மறுநாள் வகுப்பில் சயிரா கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதினாள். "இதுக்கெல்லாம் லி கிடையாது. நான் சொல்லிக் குடுத்தது தப்பு. நோட்டுல அடிச்சுடுங்க."

யாரும் பேனாவை எடுக்கவில்லை. டீச்சர் தப்பு என்று எந்த நோட்டில் எழுதுவது? கடைசியில் மீரிம் எழுந்தாள். "எஜே, அப்போ போன தேர்வுல எனக்கு நாலு மார்க் இல்ல, முழு அஞ்சும் வரணும்."

"வரணும்தான். பேப்பரைக் கொண்டா."

வகுப்பில் இருந்தவர்களுக்குச் சொல்லியாயிற்று. படித்து முடித்துப் போனவர்கள்? பிஷ்கெக்கில் கல்லூரிக்குப் போனவன், எல்லையில் லாரி ஓட்டுகிறவன், கல்யாணமாகிப் போனவள் என்று திசைக்கொருவராகச் சிதறிப்போயிருந்தார்கள். மூன்று நாள் யோசித்தாள். பிறகு ஒரு பெரிய தாளில், 'என்னிடம் ஆங்கிலம் படித்தவர்களுக்கு' என்று தலைப்பிட்டு, லி ஒட்டாத சொற்களை வரிசையாக எழுதி, தன் பெயரையும் போட்டு, தபால் நிலையச் சுவரில் ஒட்டினாள்.

"ஊரே சிரிக்கும்" என்றான் துராத்.

சிரிக்கத்தான் செய்தது. தபால்காரி வருவோர் போவோருக்கெல்லாம் படித்துக் காட்டினாள். சந்தை ஆட்டுக்காரர் வேலை மெனக்கெட்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கோடை முடியும்போது சயிரா ஓய்வூதியக் காகிதம் ஒன்றை அனுப்பத் தபால் நிலையத்துக்குப் போனாள். வெயிலில் தாள் மஞ்சளாகியிருந்தது. அவள் எழுதிய வரிசைக்குக் கீழே பென்சிலால் ஒரு சொல் கூடியிருந்தது: 'ஸ்ட்ரெய்ட்'. யார் கையெழுத்து என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அகராதியைப் பிரித்தாள். எழுதியவர் சொன்னது சரிதான்.